ஒன்பது தவறுகள் செய்த விருந்தாளி

அந்த வெளிநாட்டு விருந்தாளி நேற்று மாலை மூன்று மணிக்கு மீன்கொத்தி விடுதிக்குள் நுழைந்தார். மூன்று மணி ஒரு நிமிடத்துக்குத் தன் முதல் தவறைச் செய்தார்.

"ஷூவோட உள்ள வந்துட்டாருங்க" என்றார் விடுதி முதலாளி கன்பாரா. "நேரா. படியேறி. இந்தப் பலகைத் தரைமேல."

எழுபது வயது மனிதர். சொல்லும்போதே அவர் கண் தரையில் எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தது.

"அப்புறம்?" என்றார் ஷிஸுயே மேடம், நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

ஒகுமுரா ஷிஸுயே. என் முதலாளி. தனியார் துப்பறிவாளர். வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது வருடம் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர். ஒரு குடையைக் கையில் கொடுத்தால் அதன் சொந்தக்காரருக்கு வீட்டில் மரியாதை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். நான் செரிசாவா. இரண்டு பேர் மேடையில் நின்று சிரிக்க வைக்கும் ஜோடியில் ஒரு பாதி. மற்றப் பாதி காப்பீடு விற்கப் போய்விட்டான். மிச்சமிருந்த என்னை மேடம் உதவியாளராக எடுத்துக்கொண்டார். அதுவும் ஒரு வகையில் தொலைந்த பொருள் வேலைதான்.

"அப்புறம் கழிவறைச் செருப்போடவே பாய்மேல நடந்தார். வெந்நீர்த் தொட்டிக்குள்ள சோப்பு போட்டார். துண்டையும் தண்ணிக்குள்ள முக்கினார். எட்டு பேர் எழுந்து ஓடினாங்க. விடுதி அங்கியை வலப்பக்கம் மேல வர்ற மாதிரி போட்டுக்கிட்டு சாப்பிட வந்தார்."

"செத்தவங்களுக்கு உடுத்தற மாதிரி" என்றேன்.

"ஆமா. அப்படியே சோத்துல சாப்பாட்டுக் குச்சியை நட்டு வச்சார், படையல் மாதிரி."

"தனக்குத்தானே காரியம் பண்ணிக்கிட்டார் போல."

கன்பாரா சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. எனக்குப் பழக்கம்தான்.

விஷயம் இதுதான். விருந்தாளியின் பெயர் டங்கன் ஃபெர்லி. நியூசிலாந்துக்காரர். காலை ஆறு மணிக்கு அறையில் ஆள் இல்லை. பை மட்டும் இருக்கிறது. ஏழு மணிக்குக் கன்பாரா தன் தலைமாட்டு அலமாரியைத் திறந்திருக்கிறார். அதில் இருந்த சின்ன மரப்பெட்டியைக் காணவில்லை.

"பெட்டில என்ன இருந்துச்சு?"

கன்பாரா கொஞ்சம் யோசித்தார். "தங்க நாணயம். எடோ காலத்துது, எரநூறு வருஷம் பழசு. நீளவாக்குல இருக்குமே, அது. எங்க பரம்பரைச் சொத்து."

"அலமாரிச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. என் மனைவிகிட்ட ஒண்ணு. பூட்டு உடையல." அவர் குரலைத் தாழ்த்தினார். "என் அறையைத் துடைக்கிறது துயெத். அவதான் என் சாவியை எடுத்துத் திறந்து விட்டிருக்கணும். நாலு மணிக்கு அடுத்த கூட்டம் வருது. அதுக்குள்ள அந்த ஆள் எங்க இருக்கான்னு கண்டுபிடிங்க. இல்லன்னா போலீஸ்தான்."

வாசலில் காலணி அடுக்கின் பக்கத்தில் ஒரு பெண் துணிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வியட்நாம்காரி. இருபத்துநான்கு வயது இருக்கும். அவளுடைய விசா இந்த விடுதி வேலையை நம்பி இருந்தது. வேலை போனால் ஊர், ஊரில் வாங்கிய கடன், கடன் கொடுத்தவன் எல்லாரும் அவளுக்காகக் காத்திருப்பார்கள். அவள் அழவில்லை. கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிப்ரவரிக் குளிர் அப்படி.

கன்பாராவின் மனைவி யசுயோ அம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். மூன்று கோப்பை. நான்காவதைத் துயெத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கணவர் அதைப் பார்த்தார்.

"ஒரு சின்னப் பெட்டிக்குப் போய் இத்தனை பேரா" என்று மட்டும் சொல்லிவிட்டு யசுயோ அம்மாள் சமையற்கட்டுக்குப் போனார்.

டங்கனின் அறைக்குப் போகும் நடையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு: 'மதிப்பிற்குரிய வெளிநாட்டு விருந்தினர் தவிர்க்க வேண்டியவை'. ஒன்பது படங்கள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி. படங்களைக் கன்பாராவே வரைந்திருக்கிறார். மனிதர்கள் எல்லாரும் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தார்கள்.

மேடம் தாளையும் தன் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செரிசாவா, படி."

"ஒண்ணு, ஷூவோட ஏறக் கூடாது. ரெண்டு, கழிவறைச் செருப்போட பாய்ல நடக்கக் கூடாது. மூணு, தொட்டியில சோப்பு. நாலு, துண்டு. அஞ்சு, அங்கி. ஆறு, சோத்துல குச்சி." நான் நிறுத்தினேன். "மேடம், இது வரிசை."

"ஏழு?"

"குச்சியில இருந்து குச்சிக்கு உணவு மாத்தறது."

"பக்கத்து மேஜைக்காரருக்குக் காளானை அப்படித்தான் குடுத்திருக்கார். எட்டு, சாப்பாட்டு மேஜையில மூக்கு சிந்தறது. அதுவும் ஆச்சு. ஒன்பது, தட்டுல இனாம் வைக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு அதையும் முடிச்சுட்டு விளக்கை அணைச்சிருக்கார்."

"கடமை உணர்ச்சியுள்ள மனுஷர்."

அறையில் பை திறந்தே இருந்தது. மேடம் உள்ளே கை விடாமல் குனிந்து பார்த்தார். புதுத் தொப்பி. புதுக் கழுத்துப் பை. 'நான் ஜப்பானை நேசிக்கிறேன்' என்று எழுதிய சட்டை, மடிப்புக் கலையாமல். வழிகாட்டிப் புத்தகம் ஒன்று, முதுகு மடங்காமல் புத்தம் புதிதாக.

"பயணம் போறவன் பை இல்ல இது" என்றார். "பயணம் போறவன் வேஷம் போடறவன் பை."

பிறகு அறைக்குள்ளிருந்த கழிவறைக் கதவைத் திறந்தார். செருப்பு இரண்டும் சேர்ந்து, அடுத்து வருபவர் காலை விட வசதியாக நுனி உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தன.

"பாய்ல மிதிக்கிறவர் செருப்பைத் திருப்பி வைக்கிறார். உன் வீட்ல நீ வைப்பியா?"

"என் வீட்ல ஒரு செருப்புதான் இருக்கு மேடம்."

அவர் துயெத்தைக் கூப்பிடச் சொன்னார். அவள் கையுறையோடு வந்து நின்றாள்.

"பயப்படாத. அந்த ஆளைப் பத்தி உனக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லு."

துயெத் கொஞ்சம் தயங்கினாள். "அவர் அந்த ஒன்பது தப்பையும் ஒரே நாள்ல பண்ணாருங்க. நானும் அந்த ஒன்பதையும் பண்ணியிருக்கேன். எனக்கு எட்டு மாசம் ஆச்சு."

மேடம் முதல் தடவையாக நோட்டை மூடினார்.

"அப்புறம் மணி" என்றாள் துயெத்.

"என்ன மணி?"

"கழிவறையில சிவப்புப் பொத்தான் இருக்குல்ல, விழுந்துட்டா கூப்பிடறதுக்கு. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க எல்லாரும் தண்ணி விடற பொத்தான்னு நெனச்சு மொதல்ல அதைத்தான் அமுக்குவாங்க. நாங்க ஓடி வருவோம். கதவைத் தட்டுவோம். அவங்க உள்ள இருந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பாங்க. வாரத்துக்கு நாலு பேர். இந்த ஆள் அமுக்கவே இல்ல."

"அது ஏன் தாள்ல இல்ல?"

"முதலாளிக்கு அதை வரையக் கூச்சம்."

மேடம் என்னைப் பார்த்தார். பார்வையின் அர்த்தம்: உனக்குப் பதில் இந்தப் பெண்ணை வேலைக்கு வைத்திருக்கலாம்.

"தாள்ல இருக்கிற தப்பெல்லாம் பண்ணியிருக்கார்" என்றார். "தாள்ல இல்லாத தப்பு ஒண்ணு கூடப் பண்ணல. இந்த ஆள் நம்ம ஊர்ல வருஷக்கணக்கா இருக்கறவர். அதை மறைக்கத்தான் இத்தனை பாடு."

"முதலாளி பார்த்த பாஸ்போர்ட்?"

"பாஸ்போர்ட் நியூசிலாந்துதான். ஆள் குடியிருக்கறது வேற எங்கயோ. எங்கன்னு தெரியணும். குப்பைத் தொட்டியைக் கொண்டா."

தொட்டியில் ஒரே ஒரு தேநீர் பாட்டில். மூடி தனியாக. சுற்றியிருந்த காகிதத்தை உரித்து நாலாக மடித்து வைத்திருந்தது. பாட்டிலைக் கழுவி, துடைத்து, தட்டையாக நசுக்கியிருந்தது. மேடம் அதைக் கைக்குட்டையால் எடுத்துக் கழுத்துப் பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார்.

மூடியைத் திருகித் திறந்தால் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தங்கிவிடுமே, அது இல்லை. கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்திருந்தது. நறுக்கிய வளையம் மூடிக்குள் பத்திரமாக இருந்தது.

"வேஷம் போட்ட மனுஷனால குப்பையை மட்டும் ஏமாத்த முடியல" என்றார் மேடம். "கை தானாப் பண்ணிடுச்சு. இந்த மாநிலத்துல வளையத்தையும் நறுக்கச் சொல்ற ஊர் ஒண்ணே ஒண்ணுதான். ஹினோசே."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"என் அக்காவை அங்கதான் கட்டிக் குடுத்தோம். மூணு வருஷத்துல திரும்பி வந்துட்டா. புருஷன் தங்கமானவர். முப்பத்தேழு வகையா குப்பை பிரிக்க அவளால முடியல."

கிளம்பும் முன் மேடம் கன்பாராவின் தலைமாட்டு அலமாரியைப் பார்க்கவேண்டும் என்றார். கன்பாரா தயங்கித் திறந்து காட்டினார். உள்ளே மடித்த பட்டுத்துணி. அதன் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். மேடம் தன் அழிரப்பரை எடுத்து அதில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் பேசினார். என் கார் மிகச் சின்னது. பேச்சு தப்பிப் போக இடமில்லை.

"எடோ தங்க நாணயம் என் உள்ளங்கை நீளம் இருக்கும். அந்தப் பெட்டி தீப்பெட்டி அளவு."

"மடிச்சு வச்சிருந்தாரோ?"

"இன்னொண்ணு. பள்ளத்துக்குப் பக்கத்துல பட்டு தேய்ஞ்சு வெளுத்திருக்கு. விரல் பட்டுப் பட்டு. அந்தப் பெட்டியை ஒரு ஆள் தினமும் எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப அதே இடத்துல வச்சிருக்கார்." சீட் பெல்ட்டை இழுத்தார். "தங்கத்தை யாரும் தினம் எடுத்துப் பார்க்க மாட்டாங்க. பயம். வண்டியை எடு."

ஹினோசேக்கு நாற்பது நிமிடம். வழியெல்லாம் பனி. ஊர் எல்லையில் குப்பை நிலையம். ஹினோசேயில் குப்பை வண்டி வராது. அவரவர் குப்பையை அவரவரே கொண்டுவந்து பிரித்துப் போட வேண்டும். அதனால் அங்கே மேற்பார்வை பார்க்கிறவருக்கு ஊரில் யார் என்ன சாப்பிட்டார்கள், யார் யாரோடு சண்டை எல்லாம் தெரியும். நகராட்சித் தலைவருக்குத் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரியும்.

கையில் பச்சைப் பட்டை கட்டிய ஒரு கிழவர் எங்களைத் தடுத்தார்.

"குப்பை எங்க?"

"குப்பை இல்லீங்க. ஒரு விஷயம் விசாரிக்கணும்" என்றேன்.

"குப்பை இல்லாதவங்களுக்கு உள்ள வர அனுமதி இல்ல."

நான் காருக்குப் போய் நேற்று தின்ற சோற்று உருண்டையின் உறையைக் கொண்டுவந்தேன். அவர் அதை மூக்குக் கண்ணாடியை ஏற்றி வைத்துப் பார்த்தார்.

"இது மூணு குப்பை. வெளித்தாள், உள்தாள், ஒட்டின விலைச்சீட்டு. உள்ள கடற்பாசித் துண்டு ஒட்டிக்கிட்டிருக்கு. நாலு. கழுவவும் இல்ல." அவர் என் முகத்தைப் பார்த்தார். "தம்பிக்குக் கல்யாணம் ஆகலையா?"

"இல்லீங்க."

"தெரியுது."

மேடம் முன்னால் வந்து பாட்டிலை நீட்டினார். கிழவரின் முகம் மாறியது. அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இது சுத்தம்" என்றார் மெதுவாக.

"யார் நறுக்கினதுன்னு சொல்ல முடியுமா?"

"இதுல என்ன சிரமம். வெட்டு இடமிருந்து சாய்ஞ்சு வருது. இடக்கைக்காரர். ஓரத்தைத் தேய்ச்சும் விட்டிருக்கார், எடுக்கறவங்க கையைக் கீறக் கூடாதுன்னு. டங்கன் ஐயா. மேலத்தெரு, நூடுல்ஸ் கடைக்குப் பின்னாடி வீடு. இந்த ஊருக்கு வந்து பதினொரு வருஷம் ஆச்சு. வந்த வருஷம் மூடியோட கொண்டுவந்தார். நான் திட்டினேன். அதுக்கப்புறம் ஒரு நாள் கூட இல்ல."

நன்றி சொல்லித் திரும்பினோம். கிழவர் என் உறையை என்னிடமே கொடுத்துவிட்டார்.

மேலத்தெரு வீட்டின் கதவைத் திறந்தவர் உயரமானவர். செம்பட்டைத் தாடி. என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், உடனே தோளைக் குலுக்கி, ஒன்றும் புரியாதவர் போல் சிரித்து, உடைந்த ஜப்பானியத்தில், "நான்... பேசு... இல்லை" என்றார்.

மேடம் பாட்டிலை வாசற்படியில் வைத்தார்.

அவர் அதைப் பார்த்தார். தோள் இறங்கியது.

"குளிருது, உள்ள வாங்க" என்றார், என்னைவிட நல்ல உச்சரிப்பில். "தேநீர் வைக்கிறேன். படி கொஞ்சம் ஆடும், பார்த்து வாங்க."

உள்ளே அடியில் கணப்பு வைத்துப் போர்வை போர்த்திய மேஜைக்குள் கால் நீட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். எங்களைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை, ஏழு மாத வயிறு. அவள் முன்னால் மேஜையில் தீப்பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி.

"நீங்க கன்பாரா ஐயாவோட பொண்ணு" என்றார் மேடம். "அப்பாவோட புருவம் அப்படியே இருக்கு."

"நான் தொமோகா. கன்பாராங்கற பேரை விட்டுப் பதினொரு வருஷம் ஆச்சு" என்றாள் அவள். "அப்பா போலீசுக்குப் போயிட்டாரா?"

"நாலு மணி வரைக்கும் போக மாட்டார்."

மேடம் பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டார். தொமோகா தலையசைத்தாள். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் காய்ந்த வேர்த்துண்டு மாதிரி ஒரு சின்னச் சுருள். தொப்புள்கொடி. மூடியின் உட்புறத்தில் தொமோகா என்ற பெயரும், பிறந்த நாளும், மூவாயிரத்து இருபது கிராம் என்ற எடையும் மசியால் எழுதியிருந்தது.

நான் சொல்ல வைத்திருந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

"பொண்ணுக்குப் பிள்ளை பொறக்கப் போறப்ப அம்மா எடுத்துக் குடுக்கறது வழக்கம்" என்றார் டங்கன், கோப்பைகளை வைத்தபடி. "அத்தை போன்ல கூப்பிட்டாங்க. வந்து வாங்கிட்டுப் போன்னாங்க. மாமா இருக்கற வீடு. வெளிநாட்டு மாப்பிள்ளை நல்லா ஜப்பானியம் பேசுவான்னு மட்டும் மாமாவுக்குத் தெரியும். முகமும் தெரியாது, பேரும் தெரியாது."

"எப்படித் தெரியாம இருக்கும்?" என்றேன்.

"கல்யாணத்துக்கு அவர் வரல. என் பேரை வீட்ல யாரும் சொல்லக் கூடாதுன்னு அன்னிக்கே தடை போட்டுட்டார். அதனால அவருக்கே தெரியாமப் போச்சு." அவர் முகத்தில் சிரிப்பில்லை. "ஒண்ணுமே தெரியாத வெளிநாட்டுக்காரன்கிட்ட யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க. பார்த்துச் சிரிப்பாங்க, நகர்ந்துடுவாங்க. வந்த புதுசுல எனக்கு அது வலிச்சிருக்கு. நேத்து உதவுச்சு. ஆனா சோத்துல குச்சியை நடறப்ப மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டேங்க. காலைல அஞ்சு மணிக்கு அத்தை சமையற்கட்டுக் கதவு வழியா அனுப்பினாங்க. பையை எடுக்கக்கூட நேரமில்ல."

"அங்க துயெத்துன்னு ஒரு பொண்ணு துணிப்பெட்டியோட வாசல்ல உக்காந்திருக்கா" என்றார் மேடம். "அவதான் உங்களுக்குத் திறந்து விட்டான்னு உங்க மாமா சொல்றார்."

டங்கன் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணா? நேத்து என் அங்கியை யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி மாத்திக் கட்டிக்கச் சொல்லிச் சைகை காட்டினது அவ ஒருத்திதான்."

தொமோகா பெட்டியை மூடி மேடம் பக்கம் தள்ளினாள்.

"கொண்டு போங்க. அந்தப் பொண்ணு போகக் கூடாது. இது எனக்கு அப்புறம் வந்தாப் போதும்." பிறகு கேட்டாள்: "அம்மா இதை எங்க வச்சிருந்தாங்க?"

"அம்மா வச்சிருக்கல" என்றார் மேடம். "அப்பாவோட தலைமாட்டு அலமாரியில இருந்தது. பூட்டி. தினம் ராத்திரி எடுத்துப் பார்த்திருக்கார்."

தொமோகா மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எழுத்து அவரோடதுதான்" என்றாள் கடைசியில். "எங்க விலாசத்தை நீங்க அவர்கிட்ட குடுக்காதீங்க. வேணும்னா அவரே தேடி வரட்டும்."

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தோம். மேடம் வெற்றி பெற்ற துப்பறிவாளர் மாதிரி இல்லை. எங்கேயோ ஒரு குடையை மறந்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

கன்பாரா தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேடம் கதவை மூடிவிட்டுப் பெட்டியை அவர் முன் வைத்தார்.

"தங்க நாணயம் இல்ல."

"இல்லன்னு தெரியும்" என்றார் கன்பாரா.

"திருட்டும் இல்ல."

"அதுவும் தெரியும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கன்பாராவைப் பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து சாப்பாட்டு நேரத்துல. விருந்தாளிங்களுக்கு வணக்கம் சொல்லப் போனேன். அவன் சூப் கிண்ணத்து மூடியை எடுத்தான். கவுத்து வைக்கிறதுக்கு முன்னாடி நீர் வடியட்டும்னு கிண்ணத்து விளிம்புல ரெண்டு தட்டுத் தட்டினான்." கன்பாரா தன் விரலால் பாயில் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். "அப்படித் தட்டற ஆள் உலகத்துல ஒருத்திதான். சத்தம் போடாதேன்னு அவளை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். பதினொரு வருஷம் எதிர்ல உக்காந்து சாப்பிட்டா எவனுக்கும் ஒட்டிக்கும்."

"காலைல உங்க மனைவி அலமாரியைத் திறந்தது?"

"முழிச்சுதான் இருந்தேன். கண்ணை மூடிக்கிட்டேன்."

மேடம் மெல்ல மூச்சு விட்டார். "அப்ப உங்களுக்குப் பெட்டி வேண்டாம்."

"அது அவளோடது." கன்பாரா பெட்டியைத் தொடாமல் எங்கள் பக்கம் நகர்த்தினார். "அவங்க எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாப் போதும். விலாசத்தை எழுதிக் குடுங்க. திருட்டுன்னு சொன்னாத்தான் வேகமாத் தேடுவீங்கன்னு நெனச்சேன்."

"மகளைத் தேடுங்கன்னு சொல்லியிருந்தாலும் தேடியிருப்போமே" என்றேன்.

"அந்த வாக்கியம் வாய்ல வரல" என்றார் அவர்.

மேடம் எழுந்தார். பத்தொன்பது வருடத்தில் லட்சம் பேரிடம் பேசியும் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர் என்று கேள்வி. இப்போதும் உயர்த்தவில்லை.

"ஒரு விலாசத்துக்காக ஒரு பொண்ணைக் காலைல இருந்து வாசல்ல உக்கார வச்சிருக்கீங்க. அவ மடியில கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்த விதத்தைப் பார்த்தீங்களா? விலாசத்தை நான் தர மாட்டேன் கன்பாரா ஐயா. அது தொலைஞ்சு போகல. சமையற்கட்டுல உங்க மனைவிகிட்ட இருக்கு. பதினொரு வருஷமா இருக்கு. போய்க் கேளுங்க."

அவர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். போகக் கூடாதுதான். ஆனாலும் போனோம்.

சமையற்கட்டில் யசுயோ அம்மாள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு சமையல்காரர்கள் அடுப்பருகே. கன்பாரா வாசலில் நின்றார். முதலாளி சமையற்கட்டுக்கு வருவது வழக்கமில்லை போலிருக்கிறது. எல்லார் கையும் நின்றது, யசுயோ அம்மாளின் கத்தியைத் தவிர.

"தொமோகாவோட விலாசம் வேணும்" என்றார்.

கத்தி நின்றது.

"முதல்ல துயெத்கிட்ட போயிட்டு வாங்க."

அவர் போனார். வாசலில் அந்தப் பலகைத் தரையில் முழங்கால் போட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். துயெத் எழுந்து நின்றுவிட்டாள்.

"தப்பு என்னோடது" என்றார் தரையைப் பார்த்தபடி. "நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

துயெத் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

"எழுதிக் குடுங்க ஐயா" என்றாள். "நான் எடுக்கலன்னு. உங்க முத்திரை போட்டு. நாளைக்கு வேற யாராவது கேட்டா என் கையில ஒண்ணு இருக்கணும்."

அவர் எழுதிக் கொடுத்தார். அவள் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். தேதி விட்டுப் போயிருந்ததைச் சுட்டிக் காட்டினாள். தேதி போட்டுக் கொடுத்தார். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கையுறையைக் கழற்றினாள்.

அதே பேனாவோடு அவர் திரும்பவும் சமையற்கட்டு வாசலுக்கு வந்தார். யசுயோ அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, மளிகைச் சீட்டு ஒன்றைத் திருப்பி அவரிடம் நீட்டினார்.

"எழுதிக்குங்க. ஹினோசே, மேலத்தெரு, நாலாவது சந்து. நூடுல்ஸ் கடைக்குப் பின்னாடி."

அவர் எழுதினார். வயதானவர்களின் மெதுவான எழுத்து.

"கீழே இன்னொண்ணு. ஏப்ரல், ரெண்டாவது வாரம்."

அதையும் எழுதினார். எழுதிவிட்டுத்தான் கேட்டார்: "ஏப்ரல்ல என்ன?"

யசுயோ அம்மாள் அவருடைய இடக்கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கன்பாராவும் பார்த்தார்.

அடுப்பில் பானை பொங்கி வழிந்தது. ஒருவரும் இறக்கவில்லை.